அன்னதான வரிசையில் ஐசி

அகதிகளுக்காகப் பேசும் எங்கள் குழுவுக்குத் தெரிந்த இலங்கைக் குடும்பத்தை, சிலிபினில் ஒரு கோயில் அன்னதானத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அந்தத் தாய் தட்டை நீட்டினாள். சோறு போட்டுக்கொண்டிருந்த கமிட்டிக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு, "ஐசி இருக்கா? வெளிநாட்டு ஆளுங்களுக்கெல்லாம் போட்டா நம்மாளுங்களுக்குப் பத்தாது லா" என்றார்.

சாமி சோற்றுக்கு எவனாவது அடையாள அட்டை கேட்பானா? கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியும் குடியுரிமை கிடைக்காமல், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசியோடு செத்தவள் என் அம்மா. இதே வரிசையில் நின்றுதான் அவளும் சாப்பிட்டாள்.

"மொதல்ல உங்க ஐசிய எடுங்க அண்ணே!" என்று கத்தினேன்.

சாலைத் தடுப்பில் போலீஸ் கேட்டதைப் போல, அவர் கை கரண்டியை விட்டுவிட்டுச் சட்டைப்பையைத் தடவியது.