சாவியை எடுத்த பிறகும் ஓடிய எஞ்சின்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது நடந்தது. 1996 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை, வெக்ஸ்போர்ட்டில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கராஜில்.

கிழமையில் ஆறு நாள் எனக்கு மிசிசாகாவில் வேலை. ஏழாவது நாள் கார் திருத்துவேன். அன்றும் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்து நின்றான் எட்வேட், என் தங்கை ஏஞ்சலாவின் புருஷன். கையில் ஒரு பெரிய டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றி வேகம் கூட்டும் சாமான். அஜக்ஸில் பழைய கார் உடைக்கிற இடத்தில் வாங்கினானாம்.

"மச்சான், உதை என்ர காரில பூட்டி விடுங்கோ. நாளைக்கு மொன்றியல்ல கலியாணவீடு. அங்கத்தப் பெடியளுக்குக் காட்டவேணும்."

"விசரே? காத்துக் கூடினால் பெற்றோலும் கூடவேணும். பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர் போட்டு, கொம்பியூட்டரையும் மாத்தவேணும். இல்லாட்டிப் பிஸ்டன் உருகிப்போம்."

"அதெல்லாம் வந்து பாப்பம்."

அந்தக் காரில் ஏஞ்சலாவும் போகிறாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்க வேண்டும். அலுப்பில் "சரி, கொண்டா" என்றேன். பிழை என்னுடையதுதான்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. வெளியே நல்ல இருட்டு. எட்வேட் கோப்பி வாங்கப் போய்விட்டான். நான் கராஜ் கதவை மூடிவிட்டு, காருக்குள் ஏறி எஞ்சினைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் சுத்தமாக இருந்தது. நிறுத்தச் சாவியைத் திருப்பினேன். சாவியை இழுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

டர்போ ஆறுவதற்காக, சாவியை எடுத்த பிறகும் எஞ்சினை ஓடவிடும் ஒரு கருவி உண்டு. இந்தக் காரில் அது இல்லை. நேரம் பார்த்தேன். 5.13.

நின்ற இடத்திலேயே டர்போ அழுத்தம் காட்டும் முள் ஏறியது. எட்டு... பன்னிரண்டு... பதினைந்து. பெற்றோல் காணாது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. உருகிய உலோக மணம்.

சர்ர்ர்...

பக்கத்துச் சீற்றின் பெல்ட் தானாக நீண்டு வந்தது. வெறும் சீற்றைச் சுற்றி இறுகியது.

டிக்.

பிறகு அதைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். டக்... டக்... டக்...

"கழட்டும்... கெதியாக் கழட்டும்..."

ஆண் குரல். என் காதோரம். களைத்த குரல்.

கதவைத் திறக்கக் கை எழவில்லை. அந்தோனியாரே...

கண்ணாடியில் வெளிச்சம்.

பின்னால் மூடிய கதவு. ஆனாலும் வெளிச்சம்... பெரிதாகி... பெரிதாகி...

எஞ்சின் நின்றது.

5.16.

எட்வேட் வந்து கராஜ் கதவைத் தட்டினான். இறங்கிப்போய்த் திறந்தேன். "என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

பெல்ட் கழரவில்லை, கத்தியால்தான் வெட்டி எடுத்தேன். அன்றிரவே டர்போவையும் கழற்றினேன். அவன் கத்தினான், கத்தட்டும். கலியாணவீட்டுக்கு என் வானைக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்ததும் டர்போவைத் தூக்கிக்கொண்டு அஜக்ஸ் போனேன். அதை விற்ற விநாயகமூர்த்தி அண்ணை அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ஓம், இது 401 பெருந்தெருவில லொறி அடிச்ச காரில இருந்தது. ஒரு தமிழ்ப் பெடியன்ர. உதை மட்டும் பூட்டிக்கொண்டு ஓடியிருக்கு. பெற்றோல் காணாமல் பிஸ்டன் உருகி, நடு றோட்டில நிண்டிட்டுது."

"பெடியன்?"

"அந்த இடத்திலயே முடிஞ்சுது. பக்கத்தில இருந்த மனிசி தப்பியிட்டுது. அவவின்ர பெல்ட் இறுகிக் கழரேல்லையாம். அவவை விட்டிட்டு அவன் இறங்கேல்லை."

"லொறி எப்ப வந்தது, அண்ணை?"

"பின்னேரம் அஞ்சு பதினாறு எண்டு பொலிஸ் எழுதினது. கார் நிண்டு மூண்டு நிமிசம். அவன் மட்டும் எண்டால் இறங்கித் தப்பியிருக்கலாம், தம்பி."