ஆளுக்கு எழுபத்தைந்து வாட்

பெங்களூரில் ஓர் ஓட்டுத் தொழிற்சாலையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது அங்கே ஒரு ஃபோர்மன் இருந்தார். எண்ணெய் வழியும் முகம். எதைப் பார்த்தாலும் சாக்பீஸால் சுவரில் கணக்குப் போடுவார். ஒருநாள் தண்ணீர் இறைக்கும் ஒரு குதிரை சக்தி மோட்டார் எரிந்துபோனது.

"ஒரு குதிரை சக்தின்னா எழுநூத்து நாப்பத்தாறு வாட். ஆளுக்கு எழுபத்தஞ்சு. பத்து பேரைப் பூட்டு" என்றார்.

நகரின் நீலசந்திரா பகுதியிலிருந்து வந்த கூலிகள் பத்துப் பேர் வெயிலில் பம்பின் சக்கரத்தைச் சுற்றினார்கள். அவர்களில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள்.

"சார், அது மாசமா இருக்கற பொண்ணு சார்" என்றேன்.

"அப்போ ரெண்டு ஆள் கணக்காச்சே! நூத்தம்பது வாட். எழுப்பிச் சுத்தச் சொல்லுய்யா" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பெண்கள் அவளை நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து அன்று நானும் அவரோடு சிரித்தேன்.