அவனியாபுரத்தில் தொலைந்துபோனவர்

மதுரையில் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தே என் ஆயுளில் பெரும்பகுதி கழிந்தது. வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் செய்தேன். வைத்தியம் பார்ப்பவரை நோயாளிகள் கும்பிடுவார்கள். ஆராய்ச்சி செய்பவருக்கு மற்ற டாக்டர்களே கைதட்டுவார்கள். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

ரத்தப் புற்றில் மெதுவாக நகரும் வகை ஒன்று உண்டு. தினமும் மாத்திரை சாப்பிட்டால் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கலாம். அந்த மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுத்தால் நம் ஊர் ஆட்களுக்குப் போதுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. நல்ல கேள்விதான். கோளாறு கேள்வியில் இல்லை, கேட்டவனிடம் இருந்தது.

அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் ஒருவர் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் அவருடைய போன் நம்பரையும் மனைவியின் நம்பரையும் கேட்டு வாங்கினோம்.

“ரெண்டு நம்பர் எதுக்கு சார்? சம்பந்தம் பேச வாரீகளா?” என்றார்.

“நீங்க வராமப் போனா கூப்பிடணும்ல.”

“நான் எங்க சார் போகப் போறேன்? அவனியாபுரத்த விட்டா எனக்குப் போக்கிடம் ஏது?”

மாத்திரை நன்றாக வேலை செய்தது. வெள்ளை அணுக்கள் ஒழுங்குக்கு வந்தன. வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கியது. ‘என் நோயாளி ஒருவர்’ என்று நான் கூட்டங்களில் பேசத் தொடங்கியது அவரை வைத்துத்தான். சாப்பிட்டது அவர், தேறியது அவர் உடம்பு, பெருமை மட்டும் எனக்கு.

பிறகு அவருக்குக் கால் தசைகள் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தன. கண்ணைச் சுற்றி வீக்கம். அந்த மாத்திரைக்கு இது வழக்கம்தான். சரிசெய்ய வழியும் உண்டு. ஒரு முறை சொன்னார், தலையாட்டினேன். மறுமுறை சொன்னார், எழுதிக்கொண்டேன். மூன்றாம் முறை, மகளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார். கூடம் நிறைய ஆட்கள். என் அறைக் கதவு திறந்தே இருந்தது.

“குறைச்ச அளவுக்கே இம்புட்டு இழுக்குதே சார், முழு அளவு தின்னவனெல்லாம் தவழ்ந்துதான் வீட்டுக்குப் போயிருப்பான் போல!”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. என் ஆராய்ச்சியைப் பார்த்து மதுரையே சிரிப்பதாக எனக்குப் பட்டது. அறிவியலுக்கு நேர்ந்த அவமானத்தை அப்படியே விடலாமா?

“இங்க நான் டாக்டரா, நீ டாக்டரா? குடுக்குறதத் தின்னுட்டுக் கிட. இல்லேன்னா வராத. உனக்குப் பதிலா பத்துப் பேரு நிக்கிறான்” என்றேன். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பட்டறைக்காரர் மாத்திரை டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டு, “வாரேன் சார்” என்று சொல்லிப் போனார். அப்போதும் ‘போறேன்’ என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. ஆராய்ச்சி வேலைகளைக் கவனித்த பெண், “சார், அந்த அவனியாபுரத்து ஐயாவுக்குப் போன் போடவா?” என்று கேட்டாள்.

“வேணாம்மா. தேவைன்னா அவரே வரட்டும்” என்றேன். அது வீம்பு.

அதற்கடுத்த மாதமும் கேட்டாள். பிறகும் கேட்டாள். நான் வேண்டாம் என்றே சொன்னேன். காலம் போகப் போக வீம்பு தேய்ந்து, அந்த இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்தது. போன் செய்து, ‘நோய் முற்றிவிட்டது’ என்றோ ‘செத்துவிட்டார்’ என்றோ பதில் வந்தால், அவரை என் தோல்விகளில் சேர்க்க வேண்டும். கேட்காமலே இருந்தால் ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்று ஒதுக்கிவிடலாம். அதற்கு எங்கள் துறையில் முழு அனுமதி உண்டு. தேடிப் பார்த்தாயா என்று யாரும் கேட்பதில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ போகிற தூரத்தில் இருந்த ஒரு மனிதரை, இமயமலையில் காணாமல் போனவரைப் போல எழுதி அனுப்பினேன். கட்டுரை வெளிவந்தது. ஒரு நட்சத்திர ஓட்டலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சாப்பாடு பிரமாதம்.

இப்போது நானே நோயாளி. வயதானவனின் ரத்தக்குறைவு, பெரிதாக ஒன்றுமில்லை. இளம் டாக்டர் ஒருவரிடம் காட்டுகிறேன். போன மாதம் சோம்பலில் ஒரு நாள் போகாமல் இருந்துவிட்டேன். மதியமே அவருடைய வரவேற்பறைப் பெண் கூப்பிட்டாள்.

“சார், காலைல வரலையே? நல்லாருக்கீங்கள்ல?”

அவ்வளவுதான். அரை நிமிடம் கூட ஆகாத பேச்சு. இப்படி ஒரு போனைத்தான் அன்று நான் வேண்டாம் என்றேன்.

மறுநாள் ஷேர் ஆட்டோ ஏறினேன். பட்டறையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு டீக்கடையில் விசாரிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு கடினமான தேடல் பாருங்கள்! லேத்தில் நின்றிருந்தவர் அந்த மாப்பிள்ளை. என்னை அடையாளம் கண்டுகொண்டார். இந்த முறையும் தரையைத்தான் பார்த்தார். பின்னாலேயே வீடு. பட்டறைக்காரரின் மனைவி எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேசினார்.

“அவுக போயி ரொம்ப வருசமாச்சுங்க.”

நான் யார், ஏன் வந்தேன் என்று சொன்னேன். போன் செய்ய வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன்.

“அங்கிட்டுப் போங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ‘மாப்ள முன்னாடி அந்தாளு வராதன்னு சொல்லிட்டான், நான் எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போவேன்? நம்பர் வாங்கிருக்கான்ல, கூப்புடட்டும், போறேன்’னாக. வேற டாக்டரக் காட்டுவோம்னேன், அதுக்கும் மாட்டேன்னுட்டாக. சட்டைப் பையிலயே போன வச்சுக்கிட்டுத் திரிஞ்சாக. மெஷின் சத்தத்துல கேக்காதுன்னு அப்பப்ப எடுத்துப் பாப்பாக. பெறகு வயிறு வீங்கிப்போச்சு. மேலெல்லாம் கன்னிப்போச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், லேட்டுன்னுட்டாக.”

அவருக்கு வீம்பு, எனக்கும் வீம்பு. ஆனால் இரண்டும் சமமில்லை. வீம்பு பிடித்து உயிர் வாழ எனக்கு ஒரு மாத்திரையும் தேவைப்படவில்லை.

“நீங்க எதோ பேப்பர்ல எழுதுவீகன்னு சொல்லுவாகளே, அவுகளப் பத்தி எழுதுனீகளா?” என்று கேட்டார்.

“எழுதினேன்மா.”

“என்னன்னு?”

எங்கள் துறையின் அந்த நாகரிகமான சொல்லை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருந்தது. “எங்க போனாருன்னு தெரியலைன்னு எழுதினேன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு பட்டறைப் பக்கம் பார்த்தார்.

“எங்க போனாக? இங்கனதான இருந்தாக.”

அதைத் திருத்தி எழுதட்டுமா என்று அனுமதி கேட்டேன். நான் குடித்த செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், நிலைப்படியில் நின்றார்.

“செத்துப்போனாகன்னு எழுதுங்க. கோவிச்சுக்கிட்டு இருந்தாகன்னும் சேத்து எழுதுங்க.”

முதல் பாதியை மருத்துவ இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டாவதை அவர்கள் போடமாட்டார்கள். அதனால் அதை இங்கே எழுதுகிறேன்: அவர் எங்கேயும் போகவில்லை. அவனியாபுரத்தில், தன் பட்டறையில்தான் இருந்தார். என்மேல் கோபமாக இருந்தார்.