தலைவர் வந்து பேர் வைப்பார்

என் மகள் பிறந்த அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் கட்சி தொடங்கினார். தொடங்கியது தலைவர்தான், ஆனால் இவரைக் கேட்டால் தான் தொடங்கியதாகத்தான் சொல்வார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீக்கடை மாடியில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்து, கட்சிக்குப் பேர் வைக்க மட்டும் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மணி நேரமும் நான் இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியோடு கிடந்தேன். பிள்ளை பிறந்த பிறகு வந்து சேர்ந்த மனுஷன், அவளைக் கையில் வாங்குவதற்கு முன்னால், பேர் வைத்தாகிவிட்டது என்று சொன்னார். என்ன பேர் என்று ஆசையாகக் கேட்டேன். கட்சியின் பேரைச் சொன்னார். ஐந்து சொல் இருந்தது அதில். பிள்ளைக்கு என்று ஒரு சொல்கூட அவர் யோசித்திருக்கவில்லை.

தலைவர் அதற்கு முன்னால் கூமாப்பட்டிப் பக்கம் போகிற மினிபஸ்ஸில் கண்டக்டர். நான் சுந்தரபாண்டியத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பு அந்த பஸ்ஸில்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் போய்வந்தேன். அவருக்கு எங்களில் யார் பேரும் தெரியாது, ஏறுகிற இடத்தை வைத்துத்தான் ஆளைத் தெரியும். நான் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஏறுவேன் என்பதால், "ஏ தண்ணிடேங்க், உள்ள தள்ளி நில்லு" என்பார். ஒரு மழைக்காலத்தில், ரோடு சரியில்லை என்று சாக்குச் சொல்லி மலையடிவாரத்து ஊர்களுக்கு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தலைவர் அந்த ஜனங்களைத் திரட்டிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்தார். பஸ் திரும்ப ஓடியது, அவர் வேலை போயிற்று. பெரிய கட்சிக்காரர்கள் எல்லாரும் சென்னையைப் பார்த்தே பேசுகிறார்கள், தெற்கத்தி ஜனங்களுக்கு என்று ஒரு கட்சி வேண்டாமா என்று அப்போதுதான் கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் தலையாட்டினேன். அதற்கு நாலு வருஷம் அனுபவித்தேன்.

பதினெட்டுப் பேருக்கும் பதவி கொடுத்துவிட்டதால் தொண்டன் என்று ஒருத்தரும் மிச்சமில்லை. என் வீட்டுக்காரர் நகரத் துணைச் செயலாளர். மில்லில் ஃபிட்டராக இருக்கிற மனுஷன், ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எண்ணெய்ச் சட்டையைக் கழற்றி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொடிக்குத் துணி வேண்டும் என்றார்கள். நான் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்து பேக் பண்ணுகிறவள். ஒதுக்கிப் போட்ட சுருள் ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஆளுக்கொரு யோசனை சொல்லி ஊதாச் சாயம் போட்டுக் கம்பத்தில் ஏற்றினார்கள். பேண்டேஜ் துணி ஜல்லடை போல இருக்கும், காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். புண் ஆற அது நல்லது, கொடி பறக்க ஆகுமா? எம்புட்டுக் காற்றடித்தும் அது தொங்கியபடியே தொங்கியது. எதிரே இருந்த பரோட்டாக் கடை போர்டைக் கொடி வழியாகவே படிக்க முடிந்தது. பதினெட்டு நிர்வாகிகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் நைசாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிள்ளைக்கு நாற்பது நாள் ஆனபோது தலைவர் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். இவர் அவளைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டு, நீங்கதான் பேர் வைக்கணும் என்றார். தலைவர் டிக்கெட் பையை இடுக்குவது மாதிரி பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செத்த நேரம் யோசித்தார். பிறகு, வீட்டுக்குள் வைத்தால் யாருக்குத் தெரியும், மேடை போட்டு வைப்போம் என்றார். அப்போது அவரிடம் ஒரு நாற்காலிகூடச் சொந்தமாகக் கிடையாது, மேடைக்கு எங்கே போவார்? என் வீட்டுக்காரருக்குப் புல்லரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் கட்சி வளர்ந்தது, சும்மா சொல்லக்கூடாது. உள்ளாட்சித் தேர்தலில் மலையடிவாரத்தில் சில வார்டுகளை ஜெயித்தார்கள். தலைவருக்கு ஒரு கார் வந்தது, பிறகு அந்தக் காருக்கு முன்னால் போக இன்னொரு கார் வந்தது. முதலில் போன் பண்ணினால் தலைவரே எடுத்துப் பேசினார். பிறகு வேறொரு தம்பி எடுத்தார். பிறகு மணி அடித்தது, அவ்வளவுதான். பெரிய கட்சிகளிலிருந்து கார்களில் வந்து சேர்ந்தவர்கள் செயலாளர் ஆனார்கள், மாவட்டம் ஆனார்கள். இவர் மட்டும் துணைச் செயலாளராகவே இருந்தார், நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டு.

என் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் பேர் எழுதும் இடம் காலி. தடுப்பூசி அட்டையில் இன்னாருடைய குழந்தை என்று என் பேர். என் அம்மாவுக்கு அவள் தங்கம், தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு புஜ்ஜி, அவள் அப்பாவுக்குப் பாப்பா. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், பாவம்.

ஒரு வயதில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டார். பின்னால் பெரிய வரிசை, தோளில் பிள்ளை கொதிக்கிறாள். தலைவர் வந்து வைப்பார் என்று அங்கே சொல்ல முடியுமா? வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னேன். வாயில் வந்தது என்பது பொய். அவள் வயிற்றில் இருந்தபோதே நான் நினைத்து வைத்திருந்த பேர் அது. எழுதின சீட்டைப் பார்த்ததும் அங்கேயே நின்று அழுதுவிட்டேன், காய்ச்சலுக்கு அழுகிறேன் என்று நினைத்து நர்ஸம்மா சமாதானம் சொன்னார்.

சீட்டை மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் இல்லாத நேரமெல்லாம் அவளை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் வீட்டில் இருந்த நேரம் எங்கே? பேச்சு வந்ததும், அப்பா முன்னாடி இதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் பழக்கினேன். கட்சி ரகசியம் எல்லாம் டீக்கடைக்கு வந்த காலத்தில் என் மகள் அந்த ஒரு சொல்லைப் பொத்திப் பொத்திக் காத்தாள். பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட இம்புட்டுக் கள்ளத்தனமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எல்.கே.ஜி.யில் சேர்க்க ஃபாரம் வாங்கிவந்த அன்று சண்டை போட்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தலைவர் பேர் வைக்கவில்லை என்றால் நானே எழுதிவிடுவேன் என்றேன். இவர் ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊரெல்லாம் சொல்லிட்டேன்ட்டி. அவிய வைக்கலைன்னா நான் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்க?"

எனக்குக் கோபம் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்சியிடம் அவர் தனக்கென்று கேட்டது இது ஒன்றைத்தான்.

அந்த மே மாதமே ஸ்ரீவில்லிபுத்தூரில் மாநாடு மாதிரி ஒரு பொதுக்கூட்டம் வந்தது. பகல் முழுக்க வெயிலில் காத்திருந்தோம். பேர் வைக்க வந்த பிள்ளைகளை மேடைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைத்தார்கள். எல்லாம் கைப்பிள்ளைகள். எங்களுடையது மட்டும் ஷூ போட்டுக்கொண்டு முறுக்குத் தின்றது. ஊதாத் துண்டு போட்ட ஒருத்தர் வந்து, என்ன பேர் வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள், தலைவர் மைக்கில் வாசித்துவிடுவார் என்றார். அப்படியானால் நாலு வருஷம் எதற்குக் காத்திருந்தோம், வாசிக்கவா? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அந்த ஆளிடம் கொடுத்தார். என்ன எழுதியிருப்பாரோ, தலைவருடைய அம்மா பேரா, கட்சிப் பேரில் பாதியா? நாளையிலிருந்து நான் வைத்த பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட முடியாது. நான் மேடைப் படியிலேயே நின்றுகொண்டேன்.

இவர் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். தலைவர் கை நீட்டி வாங்கி, கனம் தாங்காமல் கீழே நிறுத்தினார். தாளைப் பிரித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். பழுப்பேறிய தாள், மேலே வட்ட முத்திரை. மூன்று நாள் காய்ச்சல் என்று எழுதின அதே ஓ.பி. சீட்டு.

தலைவர் பேரை வாசித்தார். ஒலிபெருக்கி அதை நாலு தெருவுக்கும் கொண்டுபோனது. என் மகள் திடுக்கிட்டுப் படியில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். மைக் அவள் வாய்க்குக் கிட்டேதான் இருந்தது.

"அம்மா, அது அப்பா முன்னாடி சொல்லக் கூடாதுல்ல?"

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தலைவரும் சிரித்தார், பழைய மினிபஸ் சிரிப்பு. அவள் பார்த்த திசையில் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, "அடடே, தண்ணிடேங்க்" என்றார். அவர்மேல் நான் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போயிற்று. என் வீட்டுக்காரர் மேடை ஓரத்தில் கைகட்டிக்கொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வண்டியில் திரும்பினோம். நடுவில் உட்கார்ந்திருந்தவள் அப்பா முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாதி வழியில், சீட்டு எப்போது கிடைத்தது என்று கேட்டேன். மிக்ஸி மக்கர் பண்ணின அன்றைக்கு வாரண்டி அட்டை தேடினாராம். அதற்கு மூன்று வருஷம் ஆகிறது.

"அப்போ தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்" என்றார்.

தலைவருக்காக அவர் காத்திருக்கிறார் என்றுதான் நான் அத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தினதும் அவர் திரும்பி, தூங்குகிறவள் கன்னத்தைத் தட்டி, முதல் தடவையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கண்ணைத் திறக்காமலே அவர் வாயைக் கையால் பொத்தினாள்.