அறுபத்தாறா, எழுபத்து நாலா

மேய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே ஆக்னஸ் கெர்ரின் பசு பின்னங்கால்கள் இரண்டும் மண்ணுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அயர்ஷயரில் எங்கள் கிரெய்க்நோவில் நிலம் இப்படி உள்வாங்கினால் யாரும் கடவுளைத் திட்டுவதில்லை. நேராக நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்புவார்கள். அன்று சைக்கிளில் வந்து இறங்கியவர் சர்வேயர் ஆர்ச்சி டன்பார்.

டன்பாருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். சுரங்கத்தில் கூரை சரிந்து அப்பாவைப் பறிகொடுத்தவர். அம்மா அவரைக் கரி வெட்ட அனுப்பாமல் கிளாஸ்கோவில் படிக்க வைத்தாள். பூமிக்கடியில் யார் எங்கே வெட்டுகிறார்கள், எதிரே என்ன இருக்கிறது என்று தாளில் வரைந்து சொல்வதுதான் அவர் வேலை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தன் கணக்கை இன்னொருவர் சரிபார்த்தால் முகம் சிவந்துபோகும்.

நாலு பேர் கயிறு போட்டுப் பசுவை இழுத்துக் கரையேற்றினார்கள். ஆக்னஸ் டன்பாரிடம் திரும்பினாள்.

"கரியத் தின்னீங்க. இப்ப என் புல்லையும் தின்ன ஆரம்பிச்சாச்சா?"

டன்பார் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். பள்ளத்தின் ஓரத்தில் வட்டமாகக் கல் கட்டிய விளிம்பு தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன் மூடிப்போன பழைய சுரங்கத்தின் காற்றுக் குழி அது. பழைய சுரங்கம் முழுக்க இப்போது தண்ணீர். அதன் வரைபடத்தை வைத்துத்தான் இப்போது மேற்கே வெட்டும் புதுப் பாதைக்கும் அந்தத் தண்ணீருக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் கணக்கிட்டிருந்தார். அந்தப் படத்தில் காற்றுக் குழி, ஆட்கள் இறங்கிய பழைய வாய்க் குழியிலிருந்து, நிலம் அளக்கும் சங்கிலியால் ஆறு சங்கிலி. சங்கிலிக்கு அறுபத்தாறு அடி. ஆக முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. ஆனால் இந்தப் பள்ளம் இன்னும் தள்ளியிருக்கிறதே?

பையிலிருந்து நாடாவை எடுத்து, பசுவை இழுத்தவர்களில் ஒருவனை மூடிக் கிடந்த வாய்க் குழியின் மேட்டில் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிப் பள்ளம் வரை அளந்தார். நானூற்று நாற்பத்து நாலு. தப்பாக இருக்கும் என்று திரும்ப அளந்தார். அதேதான்.

நானூற்று நாற்பத்து நாலை ஆறால் வகுத்தால் எழுபத்து நாலு.

எங்கள் நாட்டுப் பழைய சங்கிலிக்கு எழுபத்து நாலு அடி. சட்டம் போட்டு அதை ஒழித்த பிறகு வரைந்த படம் என்பதால், புதுச் சங்கிலியாகத்தான் இருக்கும் என்று டன்பார் எடுத்துக்கொண்டிருந்தார். வரைந்த கிழவர் சட்டத்தைக் காதில் வாங்காமல் பழக்கமான சங்கிலியாலேயே அளந்திருக்கிறார். சங்கிலிக்கு எட்டடி வித்தியாசம். புதுப் பாதையை நோக்கி வரும் பழைய பாதையின் நீளம் பதினைந்து சங்கிலி. நூற்றிருபது அடி! தண்ணீருக்கு இன்னும் நூற்றெண்பது அடி இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்த இடத்தில் உண்மையில் மிச்சம் அறுபதுதான்.

"என் மாட்டுக்கு என்ன சொல்றீங்க?" என்று ஆக்னஸ் கேட்டபோது அவர் சைக்கிளில் ஏறிவிட்டிருந்தார்.

சுரங்க மேனேஜர் ஊரில் இல்லை. துணை மேனேஜர் லெக்கி அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேற்குப் பாதைய நிறுத்துங்க. ஆளுங்கள வெளிய கூப்பிடுங்க."

"நூத்தியெண்பது அடின்னு கையெழுத்துப் போட்டது யாரு? உங்க தாத்தாவா?"

"நான்தான். தப்பாப் போட்டுட்டேன். அறுபதுதான் இருக்கு."

"ஒரு மாடு விழுந்ததுக்கு நூத்தியிருபது அடி கொறஞ்சிருச்சா?"

"எட்டப் பதினஞ்சால பெருக்குங்க லெக்கி!"

லெக்கியின் உதடு அசைந்தது. முகம் மாறியது. "நிறுத்தினா மேனேஜர் என் தோல உரிச்சிருவாரு," என்றார். ஆனால் கை தொலைபேசிக்குப் போய்விட்டது. கீழே மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

டன்பார் விளக்கை வாங்கிக்கொண்டு, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் இறங்கினார். கூண்டடியிலிருந்து மேற்குப் பாதையில் கரி வெட்டும் முகப்பு ஒரு மைல். கூரை தாழ்வு, குனிந்துகொண்டேதான் ஓட வேண்டும். பாதி வழியில் முன்னால் 'தும்' என்று ஒரு வெடி அதிர்ந்தது. அப்படியே நின்றுவிட்டார். அடுத்து வரப்போவது தண்ணீரின் இரைச்சல் என்று காது காத்திருந்தது. தூசிதான் வந்தது. மறுபடி ஓடினார்.

முகப்பில் கரி வெட்டும் வாட்டி ஹேகர்ட்டும் அவன் மச்சான் ஜாக்கும் அடுத்த வெடிக்கான கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார், இப்படி மூச்சு வாங்குது? வீட்டம்மா துரத்துறாங்களா?" என்றான் வாட்டி.

"கம்பியக் கழட்டு."

"மருந்து கெட்டிச்சாச்சு சார். வெடிச்சிட்டுப் போயிடறோம்."

"கழட்டுடா வாட்டி! அந்தப் பக்கம் தண்ணி!"

ஜாக் பேசாமல் கம்பியை உருவினான். டன்பார் விளக்கை உயர்த்திக் கரிச் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க ஈரம் பொடித்திருந்தது. வாட்டி அவர் பார்த்த இடத்தையே பார்த்தான்.

"காலையிலிருந்து வேர்த்துக்கிட்டுத்தான் இருக்கு. நான் சொன்னேன். இவன்தான், 'சர்வேயர் தூரம் இருக்குன்னு சொல்லிட்டாரே, வெட்டு மச்சான்'னான்."

மூவரும் வெளியே நடந்தார்கள்.

மறுநாள் சுவரில் குழாயும் அதை அடைக்க ஒரு திருகும் பொருத்தி, அதன் வழியாக மெல்லிய துளை போட்டார்கள். பத்தொன்பதாவது அடியில் துளைக் கம்பி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் பறந்தது. கறுப்புத் தண்ணீர் பீறிட்டது. படத்தை முடித்த பிறகும் பழைய ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். திருகை மூட இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது. முந்தின நாள் அந்த வெடியைப் போட்டிருந்தால் தண்ணீர் பாய்ந்திருக்கக்கூடிய கீழ்மட்டத்தில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பிய மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "துளை போட்டுப் பாத்தோம், தண்ணி இருந்துச்சு. சுரங்க இன்ஸ்பெக்டருக்கு இது போதும் டன்பார்."

"பழைய சுரங்கத்துக்கு நூத்தியிருபது அடி இருக்கும்போதே துளை போட்டுப் பாக்கணும்னு சட்டம். நாம அதத் தாண்டி வெட்டினோமே, ஏன்னு கேப்பாரு. நான் சொல்றேன்."

சொன்னார். கண்டனக் கடிதம் வந்தது, வேலை தப்பியது. வாட்டி வேறு சுரங்கத்துக்குப் போய்விட்டான். அவன் மனைவி எஃபி ஒரு சனிக்கிழமை கடை வாசலில் டன்பாரை வழிமறித்தாள்.

"அந்த மாடு விழாம இருந்திருந்தா?"

டன்பார் தொப்பியைக் கழற்றினார். "நீங்க இன்னிக்குத் துக்கத்துக்குக் கறுப்புத்தான் உடுத்தியிருப்பீங்கம்மா."

எஃபி நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டன்பார் மூடிப்போன குழிகளைத் தேடி மழையிலும் பனியிலும் வயல் வயலாக அளந்து திரிந்தார். இன்னும் இரண்டு படங்களில் அதே எட்டடித் தப்பு இருந்தது. அந்தப் படங்கள் காட்டிய பக்கம் அதுவரை யாரும் வெட்டத் தொடங்கியிருக்கவில்லை.