பிள்ளை படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர்

தென்காசி வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் ஹெட் கான்ஸ்டபிள் நம்பிராஜனைத் தெரியாத பிள்ளைகள் குறைவு. வருஷா வருஷம் போலீஸ் சார்பில் விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும். ஹெல்மெட்டைப் பற்றி ஒருவர் பேசுவார், போதைப் பொருளைப் பற்றி ஒருவர் பேசுவார், கேம் விளையாடிக் கெட்டுப்போவதைப் பற்றி நம்பிராஜன் பேசுவார். முதல் இருவருக்கும் கொட்டாவி விடுகிற பிள்ளைகள்கூட இவர் எழுந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படி ஒரு குரல். "கண்ணு போவும், படிப்பு போவும், பெறவு மானம் போவும். கேம் வெளையாடுத பய உருப்பட்டதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியாலே?" என்று கேட்டுவிட்டு மைக்கிலிருந்து விலகி நிற்பார். தலைமையாசிரியர்தான் முதலில் கைதட்டுவார். கடையத்திலிருந்து அச்சன்புதூர் வரைக்கும் பையன்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் கேம் ஏட்டு.

அந்தப் பெயரைக் கேட்டால் முன்பெல்லாம் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். இப்போது உடம்பு கூசுகிறது. காரணம் வேறொன்றுமில்லை, நாற்பத்தாறு வயதில் அவரே கேம் விளையாடுகிறார்.

எல்லாம் போன வருஷத்து அருவிச் சீசனில் தொடங்கியது. ஐந்தருவியில் பந்தோபஸ்து. வரிசையில் நில்லு என்று விசில் ஊதுவது, சோப்புப் போடாதே என்று கத்துவது, குடித்துவிட்டு வந்தவனைச் சட்டையைப் பிடித்து வெளியே விடுவது, அவன் எனக்கு எம்.எல்.ஏவைத் தெரியும் என்று சொல்வதைக் கேட்டுக்கொள்வது. தொண்டை கட்டிப்போய் ஒரு மத்தியானம் அவுட்போஸ்ட்டில் உட்கார்ந்திருந்தபோது கூட இருந்த இளவட்டக் கான்ஸ்டபிள் மாரிச்செல்வம் போனில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். "வெக்கமா இல்லயாலே ஒனக்கு?" என்று அதட்டிப் போனைப் பிடுங்கினார். பிடுங்கின போனைப் பையில் போடுவதற்கு முன் லாரி வளைவில் மோதிவிடக் கூடாதே என்று சும்மா ஒரு திருப்புத் திருப்பினார். அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார்.

அந்த லாரியில் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. யாரும் பொய் சொல்வதும் இல்லை. ஓர் ஊரில் சரக்கேற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும், நடுவில் நீளமான ரோடு, கண்ணாடியில் மழை, வைப்பர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போனில் ஓட்டினால் பொம்மை, கம்ப்யூட்டரில் ஓட்டினால்தான் நிஜம் என்று யாரோ யூடியூபில் சொன்னான். அதற்குப் பிறகு குறைந்த விலையில் கேமிங் கம்ப்யூட்டர் எப்படிச் சேர்ப்பது என்று தமிழில் வந்த வீடியோ ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகிறவர் மாதிரி போய் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பார். துணி எடுக்கிற புருஷனைக் கல்யாணமான நாளாகப் பார்த்திராத ஆனந்தவள்ளிக்கு இது சந்தேகமாகத்தான் இருந்தது.

எந்தப் பிராசசருக்கு எந்த மதர்போர்டு சேரும், ராம் எட்டு ஜிபி ஏன் பத்தாது, கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸில் சிக்கனம் பார்த்தால் என்ன கதியாகும், எல்லாம் மனப்பாடம். புதுக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்கள் இன்னும் அவருக்கு மனதில் நிற்கவில்லை. ஆனால் எந்தக் கிராபிக்ஸ் கார்டில் லாரியின் கண்ணாடியில் மழைத்துளி தனித்தனியாகத் தெரியும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் ஸ்டேஷன் ரோட்டில் முகம்மது சலீம் கடைக்குப் போனார். யூனிபார்மோடு போனதுதான் தப்பு.

சலீம் ரியாத்திலிருந்து திரும்பி வந்து கடை போட்டவர். போலீஸைக் கண்டதும் எழுந்துவிட்டார். "சிசிடிவி ஃபுட்டேஜா ஏட்டய்யா?"

"இல்ல பாய். கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும்."

"அதுக்கென்ன, யாருக்கு?"

யாருக்கு என்ற ஒரு சொல்லுக்கு நம்பிராஜன் தயாராக வரவில்லை. பள்ளிக்கூட மைதானங்களும் கைதட்டிய தலைமையாசிரியர்களும் கண் முன்னே வந்து போனார்கள். "பிள்ளைக்கு. படிப்புக்கு" என்றார்.

நம் பக்கத்தில் படிப்புக்கு என்று சொல்லிவிட்டால் எந்தச் சாமானும் கேள்வியில்லாமல் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடும். சலீமும் அதற்கு மேல் துருவவில்லை. அவர் மகள் ஜுஹைனாவும் நம்பிராஜன் மகள் ஸ்வாதியும் ஒரே காலேஜில் ஒரே வகுப்பில் பி.காம். "அவளுக்குன்னா ரொம்ப யோசிக்காண்டாம், கிராபிக்ஸ் கார்டு இல்லாம சிம்பிளா போட்டுத் தாரேன்" என்றார்.

"கார்டு இருக்கட்டும் பாய்."

"பி.காமுக்குக் கார்டு எதுக்கு? அது கேம் வெளையாடுதவங்கல்லா போடுவாங்க?"

"கேமா? சே சே" என்று பதறிப்போனார் நம்பிராஜன். "வீடியோ கிளாஸ் பாப்பால்லா, படம் தெளிவா தெரியணும். கண்ணு கெட்டுரப்பிடாது."

வியாபாரிக்கு வாங்குகிறவர் சொல்வதுதான் சரி. நம்பிராஜன் பாகம் பாகமாகச் சொல்லச் சொல்ல, இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சலீம் வாயைப் பிளந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து முடிவு செய்வது என்றாயிற்று. வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது நம்பிராஜனுக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. எத்தனை பேர் முழித்த முழியைப் பார்த்துப் பொய்யென்று கண்டுபிடித்திருக்கிறார். தன் முழி எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே அவருக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஸ்வாதி காலேஜிலிருந்து வந்தவள் குடையை மடக்காமலே அவர் முன்னால் நின்றாள். "ஜுஹைனா எல்லாத்தையும் சொல்லிட்டாப்பா."

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார். பார்த்தால் பிள்ளையின் கண் நிறைந்திருக்கிறது.

"எனக்குக் கம்ப்யூட்டர் வாங்குதியளாமே."

அதுவரைக்கும் அவள் அசைன்மென்ட்டை எல்லாம் போனிலேயே தட்டிக்கொண்டிருந்தாள், முடியாவிட்டால் ஜுஹைனா வீட்டுக்குப் போய் உட்காருவாள். அடுப்படியிலிருந்து ஆனந்தவள்ளி, "எங்கிட்டகூட மூச்சு விடல பாரு ஒங்கப்பா" என்றாள். குரலில் சந்தேகம் போய்ப் பெருமை வந்திருந்தது. ஸ்வாதி அந்த நிமிஷமே கீழப்பாவூரிலிருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா வெளிய காட்டிக்கிட மாட்டாங்க சித்தப்பா. ஆனா எல்லாத்தையும் நெனச்சிட்டேதான் இருந்திருக்காங்க" என்று அவள் சொன்னது நம்பிராஜனுக்குச் சுருக்கென்று தைத்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் படிக்கட்டும், அவள் இல்லாத நேரத்தில் நாமும் ஓட்டிக்கொள்ளலாம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தன் பங்கு அப்பளத்தையும் அவர் தட்டில் வைத்தாள். தலையைத் தூக்காமல் தின்றுவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகலாம் என்று பார்த்தால் ஸ்வாதி அவருக்கு முன்பே கிளம்பி நின்றாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், அவர் ஊங்கொட்டிக்கொண்டே ஓட்டினார்.

கடையில் சலீம் பெட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். ஒரு வருஷமாகப் படத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவள் ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தாள்.

"ராம் எட்டு போதும் அங்கிள். இந்தச் சின்ன மானிட்டர் போதும். இந்தக் கேபினெட் எதுக்குக் கண்ணாடியும் லைட்டுமா? லைட் எரிஞ்சா படிப்பு வந்திருமா?"

சலீம் விழுந்து விழுந்து சிரித்தார். நம்பிராஜன் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கடைசியில் அவள் கை கிராபிக்ஸ் கார்டு பெட்டியில் போய் நின்றது.

"இதத் திருப்பி உள்ள வச்சிருங்க அங்கிள். இதுதான் வெல கூட. எனக்குத் தேவையே இல்ல."

"அது இருக்கட்டும்" என்றார் நம்பிராஜன்.

"வேண்டாம்ப்பா."

"இருக்கட்டும்ங்கேன்லா!"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஸ்வாதி அவர் பக்கம் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வளர்ந்த பிறகு அவள் அப்படிக் கையைப் பிடித்ததில்லை. "அப்பா, நீங்க மழையில நனஞ்சு அருவிக்கரையில நின்னு விசிலூதுன துட்டு. எனக்காக இப்பிடிச் செலவழிக்காதீங்க. நீங்க வாங்கணும்னு நெனச்சதே எனக்குப் போதும்."

சலீம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏட்டய்யா, எப்பிடி ஒரு பிள்ளையப் பெத்து வச்சிருக்கிய."

அதற்கு மேல் நம்பிராஜனால் தாங்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஒனக்கில்லட்டி" என்றார். "எனக்கு. லாரி ஓட்டுத கேம் ஒண்ணு இருக்கு. நாந்தான் வெளையாடுதேன். ஒரு வருஷமா போன்ல ஓட்டுதேன். கம்ப்யூட்டர் அதுக்குத்தான்."

சலீம் மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். "அட, இதுக்கா ஏட்டய்யா கண்ணு கெட்டுரும், கிளாஸ் தெரியணும்னு அவ்வளவு பாடுபட்டிய! ரியாத்துல ரூம்ல நாங்க எல்லாரும் விடிய விடிய கேம் ஆடுன ஆளுக. இதுல என்ன வெக்கம்?"

ஒரு வருஷத்துப் பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கிப்போயிற்று. பூமி பிளக்கவில்லை, யாரும் காறித் துப்பவில்லை. நம்பிராஜனுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினார்.

ஸ்வாதி சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்திருந்த கையை எடுத்துத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"வெளையாடுனா என்னப்பா, வெளையாடுங்க" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மொத மொத நீங்க இந்தக் கடைக்கு வந்தப்ப, எனக்கும் வாங்கணும்னு நெனச்சியளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். இதே கடையில் பொய்யை அடுக்கிய வாய் அந்த ஒன்றைச் சொல்ல மறுத்தது. "ஒனக்குந்தான்..." என்று இழுத்தார். அவள் புரிந்துகொண்டு தலையாட்டினாள். கேம் விளையாடுகிறோமே என்று வருஷம் முழுக்க வெட்கப்பட்ட மனுஷனுக்கு, வெட்கப்பட வேண்டிய இடம் வேறாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. இந்த வெட்கத்தை யார் சிரித்தும் இறக்கிவைக்க முடியாது.

"அங்கிள், அந்தக் கார்டையே போட்டிருங்க" என்றாள் ஸ்வாதி. "ராமும் பதினாறே இருக்கட்டும். அப்பாவுக்கு எட்டு பத்தாது." சொல்லிவிட்டு வெளியே போய்க் கடையின் தகரச் சார்ப்புக்குக் கீழே நின்றாள்.

சலீம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி ஏட்டய்யா, ரெண்டு பேருக்கும் ஆவுத மாதிரியே போட்டிருவோம். பிள்ளைக்கு என்னெல்லாம் வேணும்? காலேஜ்ல என்ன சாப்ட்வேர் சொல்லித் தாராங்க? தனியா கோர்ஸ் ஏதும் படிக்காளா?"

"பி.காம்" என்றார் நம்பிராஜன்.

"அது தெரியும் ஏட்டய்யா."

அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. முன்பின் பார்த்திராத யூடியூப் பையன் எந்த மாதம் எந்தக் கார்டை மாற்றினான் என்று தெரியும். ஸ்வாதி எதைப் படிக்கிறாள், படித்து என்னவாக நினைக்கிறாள் என்று தெரியாது. எதிரில் நிற்கிற சலீமுக்காவது ஜுஹைனா மூலம் கொஞ்சம் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

வெளியே போனார். சார்ப்பு குறுகலாக இருந்ததால் சாரலிலேயே நின்றார். "ஒனக்கு என்னம்மா வேணும்? நீ சொல்லு, அதையே வாங்குவோம்."

"ஒண்ணும் வேண்டாம்ப்பா."

அதில் கோபமே இல்லை. தீபாவளிக்கு, பிறந்தநாளுக்கு, காலேஜ் சேர்ந்தபோது, எப்போது கேட்டாலும் அவள் சொல்லி வந்ததும் இதேதான், இதே குரலில்தான். என் பிள்ளை எதுவும் கேட்காது என்று ஸ்டேஷனில் அவர் பெருமையடித்துக்கொண்டதும் இதை வைத்துத்தான். கேட்டுப் பிரயோஜனமில்லை என்று எந்த வயதில் இவள் கேட்பதை விட்டாளோ என்று இப்போது நினைத்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"நனையாதீங்கப்பா" என்று சொல்லி ஸ்வாதி சுவரோடு ஒட்டி நகர்ந்து இடம் விட்டாள். அந்த இடத்தில் போய் நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.