நாலு பேர் கூடாரம்

நிலாவெளிக் கடற்கரையில், நாலு பேருக்கான கூடாரத்தில் நான் மட்டும். வருவதாகச் சொன்ன மூன்று நண்பர்களும் கடைசி நேரத்தில் கழன்றுவிட்டார்கள்.

காலையில் கரைவலை இழுக்க வந்த ஐயா ஒருவர் கேட்டார்: "தம்பி தனியவோ?"

வெட்கமாக இருந்தது. "இல்லை ஐயா, மற்ற மூண்டு பேரும் உள்ள நித்திரை."

அரை மணி நேரத்தில் அலை கூடார வாசலை நனைத்தது. ஐயா ஓடி வந்தார்.

"இண்டைக்குப் பறுவம், முழு நிலா நாள், கடல் ஏறுது! அவையளை எழுப்புங்கோ!"

நான் அசையாமல் நின்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கூடாரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாக மேட்டுக்குத் தூக்கிப் போனோம்.

"மெதுவா வையுங்கோ தம்பி," என்றார். "முழிச்சிடுவினம்."

அந்த மூவரும் இதைப் படித்தால் கீழே சொல்லுங்கள்: முழித்துவிட்டீர்களா?